அடக்கம் செய்யப்படாதோர்

கடந்த பாஸ்கா காலத்தில் பங்கின் இல்லங்களை மந்திரிப்பதற்காகத் தெருத் தெருவாகச் சென்றுகொண்டிருந்தோம். உபதேசியார் தீர்த்தச் செம்பை ஏந்தி முன்னே நடந்தார். மேற்குத் தெருவில் ஒரு வீடு. அவ்வீட்டுப் பெரியவரை அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தவக்காலத்தின் நடுவில், நாம் அடக்கம் செய்திருந்தோம். அன்று பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுள் முன்னால் நின்றவன் அவருடைய பேரன். பொறியியற் கல்லூரி மாணவன். சிறுவயதில் பீடத்தில் பூசைக்கு உதவியவன். செபம் முடிந்து ஒவ்வோர் அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு சென்றபோது, அவனுடைய அறையில் கணிப்பொறியின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அதை ஏதோ ஒரு செய்திப்படம் என்றே நாம் எண்ணினோம். இரவு வேளையில், வெகு உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்தால் ஓர் ஊர் எப்படித் தெரியுமோ அப்படி ஓர் ஊர் தெரிந்தது. வீடுகளும் சாலையும் மரங்களும் சாம்பல் நிறம். அவற்றினூடே மனிதர்கள் வெண்புள்ளிகளாக ஓடினார்கள். "எந்த நாட்டுப் போர், தம்பி?" என்று கேட்டோம். அவன் கூச்சத்தோடு சிரித்தான். "போர் இல்லை ஃபாதர், கேம்" என்றான்.

'கால் ஆஃப் டியூட்டி' என்னும் புகழ்பெற்ற வரிசையில் 2007 ஆம் ஆண்டு வெளிவந்த 'மாடர்ன் வார்ஃபேர்' என்ற விளையாட்டு அது என்று விளக்கினான். பழைய விளையாட்டுத்தான், ஆனால் அதிலுள்ள இந்தப் பகுதியை இன்றும் பேசாத பிள்ளைகள் இல்லையாம். விளையாடுபவர் ஏ.சி.-130 என்னும் அமெரிக்கப் போர் விமானத்தில் பீரங்கி இயக்குபவராக அமர்ந்திருக்கிறார். கீழே சிலர் தப்பிச் செல்கின்றனர். அவர்களைத் துரத்தி வருவோரை மேலிருந்து சுட்டு அவர்களைக் காக்கவேண்டும். "ஒருமுறை நீங்களே விளையாடிப் பாருங்கள் ஃபாதர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அமர்ந்தோம். அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். திண்ணையில் உபதேசியார் இருமி இருமி நம்மை நினைவூட்டிக்கொண்டிருந்தார். விரலை அழுத்தி ஒரு கணம் கழித்துத் திரையில் வெள்ளை ஒளி விரியும். அங்கிருந்த புள்ளிகள் சிதறும். காதருகே ஒரு குரல் உணர்ச்சியேதும் இன்றி நம்மைப் பாராட்டும். நமக்கு அது பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதுவது வாசகர்களை ஏய்ப்பதாகும். பிடித்திருந்தது மட்டுமா, ஊக்கம் மிகுந்த ஒரு தருணத்தில் பெரியதொரு கட்டடத்தின்மீது குண்டு வீசிவிட்டோம். உடனே விளையாட்டு நின்றுபோயிற்று. பையன் வாய்விட்டுச் சிரித்தான். "அது சர்ச், ஃபாதர்! அதைச் சுடக்கூடாது."

கோவிலைத் தாக்கிய குருவானவருக்கு விளையாட்டு அளித்த தண்டனை, சற்று முன்னிருந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும் என்பதே. மீண்டும் தொடங்கியபோதுதான் நமக்கு ஒன்று தோன்றியது. இத்தனை பேரைச் சுட்டோமே, அவர்கள் எங்கே? தரை வெறுமையாக இருந்தது. கேட்டோம். பொறியியல் மாணவனுக்கு அது எளிய கேள்வி. "கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும் ஃபாதர். இந்த மாதிரி கேம்களில் எல்லா உடலையும் அப்படியே வைத்திருந்தால் மெமரி தாங்காது."

மெமரி என்பது பொறியின் நினைவகம். இறந்தவர்களை வைத்திருக்க நினைவில் இடம் போதாது என்று, தன் பாட்டனாரின் பெட்டியைத் தோளில் சுமந்த பையன், வெகு இயல்பாக நம்மிடம் கூறினான். அடுத்த வீட்டை மந்திரிக்கச் சென்றபோது செபத்தின் நடுவே நமக்குச் சொற்கள் இடறின.

இத்தகைய விளையாட்டுகளைக் குறித்து நாம் வழக்கமாகப் பேசும் பேச்சு வேறு. பிள்ளைகள் இவற்றை விளையாடிக் கொலைகாரர்களாகிவிடுவார்கள் என்போம். நாமும் பீடத்திலிருந்து அவ்வாறு முழங்கியதுண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று நடுவண் அரசு 'பப்ஜி' உள்ளிட்ட 118 செயலிகளைத் தடைசெய்தபோது, அடுத்த ஞாயிறு மறையுரையில் அதை அறநெறிக்குக் கிடைத்த வெற்றிபோல எடுத்துரைத்தோம். அரசு சொன்ன காரணமோ நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தகவல் காப்புமே. அதே விளையாட்டு அடுத்த ஆண்டே இந்தியப் பெயரொன்றைச் சூடிக்கொண்டு திரும்பி வந்தது. அதைப்பற்றி நாம் மறையுரை ஆற்றவில்லை. ஆய்வாளர்களும் நம்மைப்போல் முழங்கவில்லை. அமெரிக்க உளவியல் கழகம் 2020 இல் வெளியிட்ட தீர்மானத்தில், வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறியதொரு தொடர்பு உண்டென்றது. ஆனால் கொடிய வன்செயல்களுக்கு இவ்விளையாட்டுகளே காரணம் என்று சொல்லப் போதிய சான்றில்லை என்றும் தெளிவாக்கியது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விளையாடுகின்றனர். கோடிக்கணக்கானோர் கொலை செய்யவில்லை. எட்டாம் கட்டளை நம் பிள்ளைகளுக்கு எதிராகவும் பொய்ச்சான்று சொல்லக்கூடாதென்றே விதிக்கிறது.

ஆயினும், ஒருவன் கொலைகாரனாகவில்லை என்பதாலேயே அவனுக்கு ஒன்றும் நேரவில்லை என்று ஆகிவிடுமா? புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் புத்தகத்தில் தம் நண்பர் அலிப்பியுவின் கதையை எழுதியிருக்கிறார். உரோமை நகரில் வாட்போர் வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டி மடியும் காட்சிக்கு நண்பர்கள் அவரை வற்புறுத்தி இழுத்துச் சென்றனர். என் உடலைத்தான் கொண்டுவந்தீர்கள், கண்களை அல்ல என்னும் உறுதியோடு அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூட்டத்தின் பெருங்கூச்சல் கேட்டதும் திறந்தார். அதன்பின் அவரால் மூட இயலவில்லை. அகுஸ்தினார் இங்கே சொல்வதும் சொல்லாததும் கவனிக்கத்தக்கவை. அலிப்பியு வாளெடுத்து எவரையும் வெட்டினார் என்று அவர் எழுதவில்லை; பின்னாளில் அவர் ஆயராகவே ஆனார். வந்தபோது இருந்த மனிதராக அவர் அங்கே இல்லை என்பதே அகுஸ்தினாரின் வருத்தம். காயம் கண் வழியாக நுழைந்தது. மேற்குத் தெரு வீட்டில் நமக்கும் ஏறத்தாழ அதுவே நேர்ந்தது என்றால், ஐம்பதைக் கடந்த குருவானவர் மிகைப்படுத்துகிறார் என்று நகைக்கமாட்டீர்கள் என நம்புகிறோம்.

நம் கண்களுக்கு அன்று ஊட்டப்பட்ட காட்சி எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். போர்க்கருவியும் விளையாட்டுக் கருவியும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள். 1958 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைக் காணவரும் பொதுமக்கள் சலிப்படையக்கூடாதென்று, வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் ஒரு சிறிய திரையில் டென்னிஸ் விளையாட்டொன்றை அமைத்தார். குண்டுகளின் பாதையைக் கணக்கிடவல்ல கணிப்பொறியே அதில் பந்தின் பாதையைக் கணக்கிட்டது. அவர் யார்? இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் அலமோசில் அணுகுண்டுத் திட்டத்தின் மின்னணுவியல் பிரிவை நடத்தியவர். போர் முடிந்ததும் அமெரிக்க அறிவியலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவராகி, அணு ஆயுதம் பரவாமலிருக்க வாழ்நாள் முழுதும் பாடுபட்டார். அந்தப் பணிக்காகவே தம்மை உலகம் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று விரும்பினார். உலகமோ அவரை விளையாட்டுக்காக நினைவில் வைத்திருக்கிறது. நினைவு என்பதே ஒரு வினோதமான பொருள்.

இன்னொருவர் எட் ராட்பர்க். அட்டாரி நிறுவனத்தில் 1980 இல் பீரங்கி வண்டிப் போரைச் சித்திரிக்கும் 'பேட்டில்சோன்' விளையாட்டை உருவாக்கியவர். அதைச் சற்று மாற்றியமைத்தால் தம் வீரர்களுக்கு உண்மையான பீரங்கி வண்டியை இயக்கப் பயிற்சி தரலாமே என்று இராணுவத்தார் நிறுவனத்தை அணுகினர். ராட்பர்க் மறுத்தார், வாதாடினார், இனிமேல் இத்தகைய இராணுவ வேலை எதையும் தமக்குத் தரக்கூடாது என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு, மனமின்றிச் செய்து கொடுத்தார். குருமடத்தில் நாம் அறநெறி இறையியல் கற்ற நாளில், பிறர் செய்யும் தீமைக்கு ஒருவர் எந்த அளவுக்கு உடந்தையாகிறார் என்பதை வகைவகையாகப் பிரித்துக் கற்பித்தார்கள். பூட்டு செய்பவன், ஏணி தாங்குபவன், குதிரைக்குச் சேணமிடும் வேலைக்காரன் என்று எடுத்துக்காட்டுகள் நீளும். விளையாட்டு செய்பவன் என்ற எடுத்துக்காட்டு அந்நூல்களில் இல்லை. அந்த இளைஞரின் மனச்சான்றோ அதை நூலின்றியே உணர்ந்திருக்கிறது.

பின்னர் இராணுவம் எவரிடமும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. 2002 ஜூலை 4 அன்று, அமெரிக்கத் தரைப்படை 'அமெரிக்காஸ் ஆர்மி' என்னும் தன் சொந்த விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. இளைஞரைப் படையில் சேர ஈர்ப்பதே அதன் நோக்கம். அதை எவரும் மறைக்கவில்லை. இருபது ஆண்டுகள் நடந்து 2022 மே மாதம் அது மூடப்பட்டது. அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. இரண்டு அணிகள் மோதும்போது, ஒவ்வோர் அணியும் தன்னை அமெரிக்க வீரராகவே காணும். எதிரணியைப் பகைவராகவே காணும். எதிரணியில் இருப்பவருக்கும் தம் திரையில் தாமே அமெரிக்க வீரர், நாமே பகைவர். விளையாட்டு நுட்பத்தின் வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் போரில் மனித உள்ளம் செய்யும் ஏமாற்றை இதைவிடத் துல்லியமாக எந்த இறையியலாரும் வரைந்து காட்டியதாக நமக்குத் தெரியவில்லை. தன்னைப் பகைவனாகக் காணும் வாய்ப்பு அங்கே ஒருவருக்கும் கிட்டாது.

இன்று கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடக்கிறது. 2018 இல் பணியில் சேர்க்கப்பட்ட அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் 'கொலராடோ'வில், மேற்பரப்பை நோக்கும் கருவியை இயக்க எக்ஸ்பாக்ஸ் விளையாட்டின் கைப்பிடியைப் பொருத்தியிருக்கிறார்கள். முன்பிருந்த கைப்பிடி பல்லாயிரம் டாலர் விலை. இதுவோ முப்பது டாலருக்குட்பட்டது. அதைவிட முக்கியமாக, இளம் மாலுமிகளுக்குப் பயிற்சி வெகு குறைவாகவே தேவைப்படுகிறது. அவர்களின் விரல்கள் வீட்டிலேயே கற்று வந்துவிடுகின்றன. மறுபுறம், துப்பாக்கி நிறுவனங்கள் தங்கள் துப்பாக்கியின் பெயரையும் வடிவையும் விளையாட்டுகளில் பயன்படுத்த உரிமம் வழங்கிக் கட்டணம் பெற்றன. 2013 இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அத்தகைய ஒப்பந்தங்களை இனிச் செய்வதில்லை என்று அறிவித்தது. துப்பாக்கிகளின் பெயர்களை மட்டும் விடவில்லை. ஆகவே இவ்விளையாட்டுகளில் துப்பாக்கிக்குப் பெயர் உண்டு; அதைச் செய்த நிறுவனம் உண்டு; குண்டின் விட்டம் இத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கும் உண்டு. சுடப்படுபவனுக்குப் பெயர் இல்லை.

அந்தச் சாம்பல் நிறத் திரைக்கு வருவோம். அது கற்பனையன்று. வெப்பத்தைக் காணும் கருவி எல்லாப் பொருளிலிருந்தும் வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி ஓவியமாக்குகிறது. சூடானது வெண்மையாகவும் குளிர்ந்தது கறுப்பாகவும் தெரியும். மனித உடல் இரவின் தரையைவிடச் சூடானது. ஆகவே மனிதர் ஒளிர்கின்றனர். ஒருவர் இறந்தால் உடல் மெல்லக் குளிர்கிறது. குளிரக் குளிர அதன் வெண்மை மங்கி, தரையின் நிறத்தை அடைந்து, தரையோடு கலந்து மறைகிறது. விளையாட்டில் நினைவகம் போதாமையால் மறையும் உடல், போர்க்கருவியில் குளிர்வதால் மறைகிறது. இரண்டு திரைகளிலும் முடிவு ஒன்றே.

2015 அக்டோபர் 3 பின்னிரவில், ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில், இதே ஏ.சி.-130 வகை விமானம் ஒரு கட்டடத்தைச் சுற்றி வட்டமிட்டது. அக்கட்டடம் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் மருத்துவமனை. அதன் இருப்பிட அளவைகளை மருத்துவர்கள் சில நாள்களுக்கு முன்புகூட அமெரிக்கப் படையிடம் தந்திருந்தனர். தாக்கக்கூடாத இடங்களின் பட்டியலில் அது இருந்தது; ஆனால் அவசரமாகக் கிளம்பிய விமானத்தில் அந்தப் பட்டியல் ஏற்றப்படவில்லை. தேடிய கட்டடம் சில நூறு மீட்டர் தள்ளி இருந்தது. இலக்கின் அளவைகள் வெற்று நிலத்தைக் காட்டவே, வாய்மொழி அடையாளத்தை வைத்துத் திரையில் தெரிந்த பெரிய கட்டடத்தைத் தேர்ந்தனர். அமெரிக்கப் படையின் விசாரணைப்படி 211 குண்டுகள் சுடப்பட்டன. 42 பேர் இறந்தனர். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சில நோயாளிகள் படுக்கையிலேயே எரிந்தனர். தாக்குதல் நடந்துகொண்டிருக்கையிலேயே மருத்துவர்கள் தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தனர். 2016 இல் 16 பேர்மீது துறைசார் நடவடிக்கை எடுக்கப்பட்டது; குற்ற வழக்கு எவர்மீதும் இல்லை.

விளையாட்டில் கோவிலைச் சுட்டதும் எல்லாம் நின்றுபோயிற்று அல்லவா? குந்தூசில் எதுவும் நிற்கவில்லை. மீண்டும் தொடங்கவும் வழியில்லை.

இதைக் கொண்டு, போர்வீரர் அனைவரும் விளையாடுவதுபோல் கொல்கின்றனர் என்று முடிவு கட்டினால் அதுவும் பொய்ச்சான்றே. ஆளில்லா விமானங்களை நெவாடா பாலைவனத்தில் ஓர் அறையிலிருந்து இயக்குவோரைப் பற்றி அப்படித்தான் பலர் எழுதினர். நாமும் அப்படியே எண்ணியிருந்தோம். ஆனால் 2013 இல் வெளியான அமெரிக்கப் படை ஆய்வொன்று, விமானத்தில் ஏறிப் போரிடும் விமானிகளுக்கு வரும் மனநோய்கள் ஏறத்தாழ அதே அளவில் இவர்களுக்கும் வருவதைக் கண்டது. உயிருக்கு ஆபத்தில்லை, மாலையில் வீடு திரும்புகின்றனர், பின் ஏன் இந்தத் துன்பம்? ஒரு காரணம் நமக்குப் புலப்படுகிறது. அவர்களுடைய விமானம் சுட்டதும் போய்விடுவதில்லை. எத்தனை பேர் இறந்தனர் என்று கணக்கிட அங்கேயே வட்டமிடுகிறது. யார் ஓடி வருகிறார்கள், யார் மார்பில் அடித்துக்கொள்கிறார்கள், யார் துண்டுகளைப் பொறுக்குகிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் பார்க்கவேண்டியிருக்கிறது. விளையாட்டு எதை நீக்கியதோ அதை உண்மை அவர்களிடம் திருப்பித் தந்துவிடுகிறது. சாவு அவர்களை வாட்டுகிறது; சாவுக்குப் பின் வருவது இன்னும் வாட்டுகிறது.

பங்குத் தந்தையாக நாம் செய்த பணிகளுள் எண்ணிக்கையில் மிகுந்தது அடக்கச் சடங்குகளே. தற்கொலை செய்துகொண்டவர், குடித்து வண்டியில் மோதியவர், பிறந்து பெயரிடு முன் இறந்த குழந்தை என்று எத்தனையோ பேர். ஒவ்வொருவரையும் குழியருகே பெயர் சொல்லி அழைத்தே இறைவனிடம் ஒப்படைக்கிறோம். இறந்தோரை அடக்கம் செய்வதை உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்றாகத் திருச்சபை வைத்திருப்பதைச் சிறுவயதில் மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தபோது நமக்கு வியப்பாக இருந்தது. பசித்தவருக்கு உணவிட்டால் அவர் பிழைப்பார். இறந்தவருக்கு இரக்கம் காட்டி என்ன பயன்?

தோபித்து நூலைத் திறந்தால் விடை கிடைக்கிறது. அந்நிய நகரான நினிவேயில் வாழ்ந்த தோபித்து, பெந்தக்கோஸ்து விழா நாளில் விருந்துக்கு அமர்கிறார். தம் இனத்தான் ஒருவன் கழுத்து நெரிக்கப்பட்டுச் சந்தைவெளியில் கிடக்கிறான் என்று மகன் வந்து சொல்கிறான். உணவைத் தொடாமல் எழுந்து சென்று உடலை எடுத்து மறைத்துவைத்து, கதிரவன் மறைந்தபின் குழிதோண்டிப் புதைக்கிறார். அண்டை வீட்டார் எள்ளி நகையாடுகின்றனர். ஏனெனில் இதே செயலுக்காக முன்பு அரசன் அவரைக் கொல்லத் தேடினான். கொல்லும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நம்பிய அரசனுக்கு, கொல்லப்பட்டவனை ஒருவன் மனிதனாக நடத்துவது பொறுக்கவில்லை. சவுலின் மறுமனைவி இரிஸ்பாவையும் எண்ணிப் பாருங்கள். தூக்கிலிடப்பட்ட பிள்ளைகளின் உடல்கள்மீது பகலில் பறவைகளும் இரவில் விலங்குகளும் அணுகாதபடி, பாறைமீது சாக்குத்துணி விரித்து அறுவடை தொடங்கி மழை வரும்வரை காத்திருந்தாள். கேட்டறிந்த தாவீது வெட்கியவனைப்போல எழுந்து எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்தான்.

நம் புறநானூற்றிலும் ஒரு தாய் உண்டு. மகன் புறமுதுகு காட்டினான் என்று பிறர் சொல்லக் கேட்டு, சினந்து வாளோடு களம் புகுந்து, கிடக்கும் பிணங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பார்க்கிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளிலும் பெரிதாக மகிழ்கிறாள். போரைப் போற்றும் பாடல்தான். அதன் அறத்தோடு குருவானவராகிய நமக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் போரைப் போற்றிய புலவரும் அந்தத் தாயின் கைகளை மறைக்கவில்லை. பிணத்தைப் புரட்டாமல் அவளால் பெருமைப்படவும் இயலவில்லை.

நம் பங்கில் ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவர் இருக்கிறார். காலைத் திருப்பலிக்கு முதலில் வருபவர். அவரிடம் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசினோம். பேரன் விளையாடும்போது பார்த்திருக்கிறாராம். "துப்பாக்கிச் சத்தமெல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறான், சாமி. ஆனால் யாரும் யாரையும் தூக்கவில்லையே" என்றார். மலை உச்சியிலிருந்து ஓர் உடலைக் கீழே கொண்டுவர நான்கு பேருக்கு ஒரு பகல் முழுதும் ஆகும் என்றார். அதற்குமேல் பேசவில்லை. 1999 கார்கில் போரில், பாகிஸ்தான் தன் வீரர்களின் உடல்களைத் தன்னுடையவை என்று ஏற்க மறுத்தபோது, இந்தியப் படையினரே அவர்களுள் பலரை இசுலாமிய முறைப்படி மலைகளில் அடக்கம் செய்தனர். முந்திய நாள் வரை சுட்டுக்கொண்டிருந்த கைகள் அவை. 1949 இன் ஜெனீவா உடன்படிக்கை இறந்த பகைவரைத் தேடி எடுத்து மதிப்புடன் அவரவர் சமய முறைப்படி அடக்கவேண்டும் என்று கேட்கிறது. போரைத் தடுக்க முடியாத மனிதர், போருக்கு இட்ட கடைசி வேலி அது. அந்த வேலியும் சில வேளை மிதிபடுகிறது. 2009 ஜூன் 23 அன்று பாகிஸ்தானின் தெற்கு வசீரிஸ்தானில், ஆளில்லா விமானம் ஓர் அடக்கத்திற்குக் கூடியிருந்தோர்மீதே ஏவுகணை வீசிப் பலர் மடிந்ததாகச் செய்திகள் வந்தன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2024 ஜூன் மாதம் இத்தாலியில் ஜி-7 தலைவர்கள்முன் பேசியபோது, ஒரு மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்தப் பொறியும் எடுக்கலாகாது என்று வலியுறுத்தினார். பொறிக்கு ஏன் அந்த முடிவைத் தரக்கூடாது என்பதற்கு அறிஞர் பல காரணம் கூறுவர். நம் அனுபவத்திலிருந்து நாம் சொல்லக்கூடியது ஒன்றே. பொறியால் அடக்கத்திற்கு வர இயலாது. தோபித்துபோல் உணவை விட்டு எழ அதற்கு உணவில்லை. கொல்பவர் அழக்கூடியவராகவாவது இருக்கவேண்டும்.

விளையாட்டுகளால் இதைக் காட்டவே இயலாதென்று நினைத்திருந்தோம். பையன் நம்மைத் திருத்தினான். போலந்து நாட்டார் 2014 இல் செய்த 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற விளையாட்டில், சரயேவோ முற்றுகையை நினைவூட்டும் ஒரு நகரில், பொதுமக்களாகக் குளிரிலும் பசியிலும் உயிர் பிழைக்கவேண்டுமாம். துணைவர் இறந்தால் மற்றவர் சோர்ந்து துயரில் ஆழ்வர். ஒரு தவற்றைச் செய்துவிட்டுத் தூங்க இயலாதவர்களும் அதில் உண்டு. "அது நல்ல கேம்தான் ஃபாதர், ஆனால் இரண்டு நாளுக்குமேல் விளையாட முடியவில்லை, மனசு கஷ்டமாகிவிடுகிறது" என்றான். இது புகாரா பாராட்டா என்று நமக்கு விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கியிருக்காது.

குந்தூஸ் நிகழ்ச்சியையும் அவனுக்கு எடுத்துச் சொன்னோம். மறு வாரம் ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் முற்றத்தில் நம்மை நிறுத்தினான். அவனாகவே தேடிப் படித்திருக்கிறான். "அதே விமானம் ஃபாதர். அதே மூன்று பீரங்கி, 105, 40, 25. கேமில் இருப்பது போலவே" என்றான். முகம் சற்று வெளிறியிருந்தது. இன்னும் விளையாடுகிறாயா என்று கேட்டோம். விளையாடுவதாகச் சொன்னான். அந்த ஒரு பகுதியை மட்டும் திறக்கவில்லை என்றான். பிறகு, உபதேசியார் பெஞ்சுகளை அடுக்குவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒருமுறை திறந்ததாகவும் சொன்னான். உடல்கள் எத்தனை நொடியில் மறைகின்றன என்று எண்ணிப் பார்ப்பதற்காகத் திறந்தானாம். எண்ணி முடிக்குமுன் அடுத்த கூட்டம் வந்துவிட்டதாம்.